குசினிக் கதவால் வந்த முறைப்பாடு

என் புருசனுக்குப் பொய் சொல்ல வராது என்று இருபத்திரண்டு வருசமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அந்த வாயால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அவர் லத்தீப் சேர். புத்தளத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர், உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுநர். பொடியன்கள் அவரைப் பெரிய கோச் என்பார்கள். சின்ன கோச் ஜௌபர். அவன் வேறு யாருமில்லை, என் புருசனின் தங்கச்சி மகன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் போல எருக்கலம்பிட்டியிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவனுக்கு இரண்டு வயது. இவர்தான் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினாராம். கரைத்தீவு முகாமில் தாய் காய்ச்சலில் மௌத்தானாள். தகப்பன் வேறு கல்யாணம் முடித்துக்கொண்டு போய்விட்டான்.

நான் புத்தளத்துக்குப் பக்கத்துக் கனமூலைக்காரி. தொண்ணூற்று நான்கில் இவரை முடித்து வந்தபோது புருசனோடு சேர்த்து ஆறு வயதுப் பொடியன் ஒருவனும் எனக்குக் கிடைத்தான். "அகதி மாப்புளயாம், அதுவும் புள்ளையோட" என்று என் கூடப்பிறந்த ராத்தாமார் முகத்தைச் சுளித்தார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோறு தீத்தினேன், பேன் பார்த்தேன், ஓதப் போகாமல் ஒளிந்தபோது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. ஆகவே ஜௌபரைப் பற்றி நான் சொல்லப்போவது வெளியாள் ஒருத்தி சொல்லும் குறை அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு தாய்க்குத் தன் மகனைப் பற்றி சேரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாள். அங்கே காரியாலயத்தில் ஆண்கள் நிற்பார்கள், என்ன ஏது என்று பார்ப்பார்கள். அவள் சேர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, காலை பதினொரு மணி போல, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவாள். குசினிக் கதவில் நின்று சேருடைய மனைவியிடம் சொல்வாள். மனைவி அதைப் பின்னேரம் தேத்தண்ணீரோடு சேரிடம் சொல்வாள். பதிலும் அதே வழியால் திரும்பிப் போகும். யாருக்குக் காய்ச்சல், யாருடைய சப்பாத்து பிய்ந்துவிட்டது, யாரைச் சோதனை முடியும்வரை ஆடவிடக் கூடாது, எல்லாம் என் குசினியால்தான் வந்து போனது. ஒரு துண்டுத் தாளில் எழுதியதில்லை. அதற்குத் தேவை இருந்ததாக யாரும் நினைக்கவுமில்லை.

அந்த வருசம், இரண்டாயிரத்துப் பதினாறு பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை பளீலா வந்தாள். கரைத்தீவுக் குடியேற்றத்தில் இருக்கிறவள், அவளும் எருக்கலம்பிட்டி வழிதான். புருசன் கடலில் மௌத்தாகி நாலு வருசம். அவள் இறால் பண்ணையில் வேலை செய்துதான் மகனைப் படிப்பிக்கிறாள். மகன் ஸியாத்துக்குப் பதினாறு வயது, அணியின் கோல் கீப்பர். நெட்டையாக, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளை.

"ராத்தா, சேர் இல்லத்தானே?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசலை மிதித்தாள்.

"பள்ளிக்கூடம் போயிட்டார். உள்ளுக்கு வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

கருவாட்டுப் பை ஒன்றைக் கீழே வைத்துவிட்டு பலகையில் உட்கார்ந்தாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நேத்துக் காலையில தலகணியில ரெத்தம் ராத்தா. காதால வந்திரிக்கி. கேட்டா சொல்றானில்ல. நான் அழுத பொறகுதான் வாயத் தொறந்தான். ஒரு கோல விட்டதுக்கு சின்ன கோச் காதப் பொத்தி அறஞ்சிரிக்கார்."

"ஜௌபரா? சீ, அவன் அப்பிடி அடிக்கிற புள்ள இல்லியே."

"பொய் சொல்றதுக்கா ரெண்டு பஸ் ஏறி வாரன்?" அவள் குரல் உயரவில்லை. "அடிக்க வேணாமெண்டு நான் சொல்லல்ல. சேர்மார் அடிப்பாங்கதான். ஆனா இது அப்பிடி இல்ல ராத்தா. இவன் ராவையில தூங்கறானில்ல. அதிபர்ட்ட போகத்தான் வெளிக்கிட்டன். அங்க ஆம்புளயள் நெறய நிக்கிற எடம், என்ன சொல்லி ஆரம்பிக்கிற எண்டு தெரியல்ல. அதான் ஒங்கள்ட்ட வந்த."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே ஒளிக்கப்போவதில்லை. "அதிபர்ட்ட போகாதீங்க பளீலா" என்றேன். "போனா எழுத்து, விசாரண எண்டு நாறிப்போகும். ஒங்கட மகனையும் டீம்ல வைக்கமாட்டாங்க. நான் சேர்ட்ட சொல்றன். அவர் பாத்துக்கொள்வார். நீங்க பயப்படாமப் போங்க."

அவள் நம்பினாள். ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்து, "அல்லா ஒங்களுக்கு ரஹ்மத் செய்வான் ராத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு இவர் வந்தார். பாணும் தேத்தண்ணீரும் வைத்தேன். பளீலா வந்ததை, தலகணியில் இருந்த இரத்தத்தை, காதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பாணைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்தக் காது?" என்றார்.

"இடது."

பாணைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு எழும்பி, போனை எடுத்துக்கொண்டு முற்றத்து முருங்கை மரத்தடிக்குப் போய் ஜௌபருக்கு எடுத்தார். நான் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அந்தச் சொற்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிறகு சொன்னேன், இங்கேயும் அதே இடத்தில் சொல்கிறேன். உள்ளே வந்து, "சொல்லிட்டன், இனிப் பிரச்சின இல்ல" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அடுத்த வாரம் ஜௌபர் சாப்பிட வந்தான். நான் ஏசினேன். "என்னடா, கை நீளுதாம் ஒனக்கு?" என்றேன். "மாமி, அவன் தூங்கிட்டு நிக்கிறான் கோலுக்குள்ள, நான் கொஞ்சணுமா?" என்று சிரித்துக்கொண்டு இன்னொரு அகப்பை சோறு கேட்டான். போட்டேன். அத்தோடு விட்டேன். பளீலா பிறகு வரவில்லை. வராதபடியால் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்ன நினைப்பு பாருங்கள்!

ஜூனில் கச்சான் காற்று மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்த நாட்கள். மாகாண மட்ட அரை இறுதிக்கு ஐந்து நாள் இருந்தது. இவர் அன்று கூட்டமொன்றுக்காகக் குருநாகல் போயிருந்தார். மைதானத்தில் ஜௌபர் மட்டும். ஸியாத் பந்தை முன்னுக்கு வந்து பிடிக்கப்போய்க் கைநழுவ விட்டானாம். "வலது கையக் கோல் கம்பத்துல வை" என்றானாம் ஜௌபர். மூலைக் கொடி நடுகிற தடியால் மூன்று அடி. மற்றப் பொடியன்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் மூட்டோடு நொறுங்கியிருந்தன. வைத்திருந்து கட்டினாலும் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். டொக்டர்தான் பொலிசுக்கு அறிவித்தது. ஜௌபரைப் பிடித்து, பிறகு பிணையில் விட்டார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் தனியாக ஒரு விசாரணை தொடங்கியது.

ஜௌபர் அடித்தான் என்பதை யாரும் மறுக்கவில்லை. முப்பது பேர் பார்த்த விசயம். கேள்வி அதுவல்ல. முந்தியும் அடித்திருக்கிறான், அது பெரிய கோச்சுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

ஊரில் வேறு கதை நடந்தது. "எங்களுக்கு சேர்மார் அடிக்கல்லியா? நாங்க பொலிசுக்கா போனோம்?" என்று பழைய மாணவர்கள் கடைத்தெருவில் நின்று கதைத்தார்கள். அரை இறுதியில் தோற்றதற்கும் பளீலாதான் காரணமாம். முந்தியே அடித்ததென்றால் அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை, இப்போது எதையோ எதிர்பார்த்து இட்டுக்கட்டுகிறாள் என்றார்கள். அவள் வேலை செய்கிற பண்ணைக்கும் அந்தக் கதை போனது. ஆனால் இவர் விசாரணையில் உள்ளதைச் சொல்லிவிடுவார், எல்லாம் தெளிந்துவிடும் என்று இருந்தேன்.

விசாரணை திங்கட்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு வந்து, சேட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"முந்தி அடிச்சது தெரியுமா எண்டு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு எந்த முறைப்பாடும் வரல்ல எண்டு சொன்னன்."

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"பளீலா ஒன்னட்ட சொன்னதெண்டு சொல்லியிரிக்கா" என்றார். "என்ட மனிசி எனக்கு ஒண்டும் சொல்லல்ல எண்டு நான் சொல்லிட்டன். ஒனக்குக் கடிதம் வரும். நீ போய், ஓம், அவ வந்தது உண்மதான், வேலையோட வேலையா நான் சேர்ட்ட சொல்ல மறந்திட்டன் எண்டு சொல்லு. அவ்வளவுதான். பொம்புள ஒருத்தி குசினி வேலைக்குள்ள ஒரு கதைய மறக்கிறது புதினமா? ஒனக்கு ஒண்டும் ஆகாது. ஒன்னட்ட உத்தியோகமா இரிக்கி பறிக்கிறதுக்கு?"

"மறதியா?" எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. "ஒங்கட பிரஷர் குளிசைய இத்தின வருசத்துல ஒரு நாள் மறந்திரிப்பனா நான்? ஒங்கட தங்கச்சிட வருசக் கத்தத்த மறந்திரிக்கனா? எனக்கா மறதி? மூளையில்லாதவ எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்திரிக்கீங்க!"

"கத்தாத மஹ்மூதா. கேளு." அவர் குரல் உடைந்தது. "ஜௌபர் போயிட்டான். அவன் இனி எங்கயும் கோச்சா நிக்கமாட்டான். நானும் போகணுமா? வந்தேறி, அகதி எண்டு கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊர்ல நான் தலை நிமிந்த. அந்த மைதானம் ஒண்டுதான் எனக்கு இங்க கிடைச்சது. நீ ஒரு சொல்லுச் சொன்னா அது மிஞ்சும்."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அதைவிடப் பாசமும் இருந்தது. வள்ளத்திலிருந்து இறங்கியபோது ஒரு சாரனும் தோளில் ஒரு பிள்ளையும் மட்டுமே இருந்த மனிதர். விசில் ஊதி ஊதி ஊரைத் தன் பக்கம் திருப்பியவர். என் ராத்தாமார்கூடக் கடைசியில் "எங்கட மச்சான்" என்று பெருமை பேசினார்கள். ஒரு மறதிதானே என்று எனக்கே தோன்றிவிட்டது. தலையை ஆட்டினேன். சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

கடிதம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கல்லூரி நூலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலை எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. அவரிடம் சொல்லாமல் கரைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கவா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வரவா, ஒன்றும் தெரியாது.

ஸியாத் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு விரலும் நேராக நீட்டிக்கொண்டு நின்றன. இடது கையில் கரண்டி. என்னைக் கண்டதும் கரண்டியைக் கோப்பையில் போட்டுவிட்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். இடது கையால் சாப்பிடுவதை நான் பார்த்துவிட்டேன் என்று வெட்கம் அந்தப் பிள்ளைக்கு. ஏதோ அவன் குற்றம் செய்த மாதிரி.

பளீலா உள்ளிருந்து வந்தாள். வந்த வேகத்தில் மகனைப் பார்த்து, "வலது கையால தின்னு" என்று சொல்ல வாயெடுத்து, "வலது" என்பதோடு நின்றுவிட்டாள். பதினாறு வருசமாகச் சொல்லிப் பழகிய வாய். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ராத்தா, இரிங்க" என்றாள். "நான் ஒண்டு கேக்கட்டா? நான் ஒங்கள்ட்ட வந்தனா இல்லையா? எல்லாரும் நீ போகல்ல, இப்ப சோடிக்கிறாய் எண்டு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாப் போயிட்டு. வேற யாருக்கும் வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க."

"வந்தீங்க" என்றேன். "கருவாட்டுப் பையோட வந்தீங்க. தேத்தண்ணி ஆறின பொறகுதான் குடிச்சீங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல."

நாளைக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்த ஒளித்த கைதான் என் கண்ணுக்குள் நின்றது.

வியாழக்கிழமை நூலகத்தில் கரண்ட் இல்லை. வெக்கைக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி அத்தாஉல்லா, வயதானவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நுஸ்ரா என்கிற பிள்ளை வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் பளீலா. வெளியே நடைபாதையில் போட்ட வாங்கில் என் புருசன் உட்கார்ந்திருந்தார். இங்கே பேசுவது அவருக்குக் கேட்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பெப்ரவரி மாசம் பளீலா ஒங்கட வீட்டுக்கு வந்து முறைப்பாடு சொன்னது உண்மயா?" என்று கேட்டார் அத்தாஉல்லா.

"ஓம். வந்தா."

"அத நீங்க லத்தீப் சேருக்குச் சொல்லல்ல. அப்பிடித்தானே அவர் சொல்லியிரிக்கார்?"

வாங்கு கிறீச்சிட்டது. அவர் எழும்பியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்பதற்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் வாய்வரை வந்தது, சத்தியமாக வந்தது.

"சொன்னன்" என்றேன். "அண்டைக்கே சொன்னன். அசருக்குப் பொறகு, தேத்தண்ணி குடிக்கிற நேரம். ஒண்டு விடாமச் சொன்னன். எந்தக் காது எண்டு கேட்டார். இடது எண்டன்."

நுஸ்ராவின் பேனை ஓடியது. பளீலா மூலையில் அசையாமல் இருந்தாள்.

"சொன்னதுக்குப் பொறகு அவர் ஏதும் நடவடிக்கை எடுத்தாரா?"

"எடுத்தார். முற்றத்துக்குப் போய் ஜௌபருக்குப் போன் எடுத்தார். நான் குழாயடியில நிண்டன், எனக்குக் கேட்டது."

"என்ன சொன்னார்?"

"'டேய், காதுல கீதுல அடிக்காத. ரெத்தத்தக் கண்டா தாய்மார் வந்து நிப்பாங்க. அடிக்கிறதெண்டா கையில கால்ல அடி' எண்டு சொன்னார்."

பேனை நின்றது. அத்தாஉல்லா துடைத்துக்கொண்டிருந்த லேஞ்சியை மேசையில் வைத்தார்.

"கையில எண்டா சொன்னார்?"

"ஓம். கையில எண்டுதான் சொன்னார்."

மைதானத்தில் கழுதை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. மூலையில் பளீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இது புதுச் செய்தி. நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அதக் கேட்டு நீங்க என்ன செஞ்சீங்க?" அத்தாஉல்லா மெதுவாகக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நான் மீன் பொரிச்சன்."

அவருக்கு விளங்கவில்லை. நுஸ்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"பொரிச்சன் சேர். சொல்லியாச்சு, விசயம் முடிஞ்சுது எண்டு நிம்மதியா மீன் பொரிச்சன். அவர் சொன்ன பேச்சு என்ன பேச்சு எண்டு ஒரு நிமிசம் யோசிக்கல்ல. அதிபர்ட்ட போகாதீங்க எண்டு பளீலாவத் தடுத்ததும் நான்தான். எல்லாத்தையும் எழுதுங்க. புருசனக் காட்டிக்குடுத்தவ நல்லவளாம் எண்டு என்னய மட்டும் விட்டுப்போட்டு எழுதாதீங்க."

எழுதினார்கள். நுஸ்ரா முழுவதையும் வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். மஹ்மூதா என்ற பேர் கோணலாக விழுந்தது.

வெளியே வந்தேன். அவர் வாங்கில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்திருக்கலாமே நீ" என்றார்.

ஒரே ஓட்டோவில்தான் வீட்டுக்கு வந்தோம். இருவருக்கும் நடுவில் அவருடைய பை இருந்தது, அதற்குள் விசில் இருந்தது. பெரிய பள்ளிவாசல் திருப்பத்தில் யாரோ ஒரு பொடியன் "சேர்!" என்று கையைத் தூக்கினான். அவர் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் பணி இடைநிறுத்தக் கடிதம் வந்தது. ஜௌபரின் வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. "நீங்களுமா மாமி?" என்று ஒரேயொரு செய்தி அனுப்பினான். அதை வாசித்துவிட்டு அன்று முழுக்க அழுதேன். அவன் தண்டிக்கப்பட வேண்டியவன்தான். ஆனாலும் நான் சோறு தீத்திய வாய் அது. அந்தக் காலத்தில் அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளும் நான்தானே என்று எல்லாம் ஞாபகம் வந்தது. என் ராத்தாமார் போன் எடுத்து, "குடும்பத்த நடுத்தெருவுல விட்டுட்டியே" என்றார்கள். இவர் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், கொடுத்த குளிசையைப் போட்டார். பிரஷர் குளிசையை நானும் மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்கேற்றைத் தட்டும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். பளீலா. அவளுக்குப் பின்னால் ஸியாத். "வாங்க வாங்க, இப்பிடிப் பின்னால வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பழக்கம்தானே.

"இல்ல ராத்தா" என்றாள் பளீலா. முன்வாசல் படியில் ஏறி நின்றாள். கறுப்பு ஹபாயா, காலில் புதுச் செருப்பு. "ஒங்கள்ட்ட வரல்ல. சேர்ட்டத்தான் வந்த. சேர் இரிக்காரா?"

அவருக்கு அது கேட்டது. சாரனும் பனியனுமாக வந்தவர், அவளைக் கண்டதும் திரும்பிப் போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் வந்து நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர்" என்று ஸியாத் கையை நீட்டினான்.

மைதானத்தில் இவர் வைத்த ஒழுங்கு அது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பொடியனும் வந்து சேருக்கு ஸலாம் சொல்லி, கை கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கோபமிருந்தாலும் கொடுக்க வேண்டும், தோற்றாலும் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நீண்ட கை. மூன்று விரல் மடங்கியது, இரண்டு விரல் மடங்கவில்லை. இவர் அதை இரண்டு கையாலும் பிடித்தார். எப்படிப் பிடிப்பது, எப்போது விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. விரல்களைத் தடவிப் பார்த்தார். கண்ணீர் வந்து தாடியில் விழுந்தது.

பளீலா காத்துக்கொண்டு நின்றாள். அவர் கையை விட்டதும் பேசினாள்.

"சேர், ஒங்களுக்கு எந்த முறைப்பாடும் வரல்ல எண்டு சொன்னீங்களாம். அதான் நானே கொண்டு வந்திரிக்கன். பெப்ரவரி மாசத்துலருந்து சொல்லப்போறன். கேப்பீங்களா?"

அவர் தலையை அசைத்தார். உள்ளே போய்க் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் போட்டார். ஸியாத்துக்கு இன்னொன்று போட்டார். தான் உட்காரவில்லை. நான் வழக்கப்படி தேத்தண்ணீர் வைக்கக் குசினிப் பக்கம் திரும்பினேன்.

"மஹ்மூதா, போகாத" என்றார். ஒரு மாதத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு. "நீயும் நில்லு."

நின்றேன்.

பளீலா தலகணியில் இருந்த இரத்தத்திலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்று எனக்குச் சொன்ன அதே சொற்கள்தான். காதைப் பொத்தி அறைந்ததைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

எந்தக் காது என்று அவர் கேட்கவில்லை.